போல்ட்டை முறுக்கிவிட்டு, வண்டியை உயர்த்தும் ‘லிஃப்ட் கிட்’ என்றார்கள், 1,86,500 ரூபாய் போச்சு. சேலத்தில் ஜீப்புக்கு வேலை செய்யப் போகிறவர்கள் படியுங்கள்

இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, அதனால் கோர்வையாக எழுத வராது. 1,86,500 ரூபாய். பைபாஸ் ஓரத்தில், ஜீப்புகளை மலைக்கும் காட்டுப் பாதைக்கும் ஏற்ற மாதிரி மாற்றித் தருகிறோம் என்று போர்டு வைத்திருக்கும் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொட்டினேன். பெயரைப் போட மாட்டேன். நாளைக்கு அதை வைத்து என் மேலேயே கேஸ் போடுவார்கள், அந்தத் திறமை அவர்களுக்கு உண்டு.

என் வண்டி 2016 மஹிந்திரா தார் ஜீப், சிஆர்டிஇ டீசல் மாடல், செகண்ட் ஹேண்டாக வாங்கியது. படம் எடுத்துப் போடுவதற்காக மாற்றவில்லை. ஏற்காட்டில் நாகலூர் தாண்டி மாமனாருக்கு ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம், ஊடே மிளகுக் கொடி. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி மழையில் அந்தச் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும், பழம் பறிக்கத் தொடங்குவதும் அதை ஒட்டித்தான். மூட்டை இறக்க வாடகை ஜீப்புக்குக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய், நம் வண்டியையே தயார் செய்துவிடலாம் என்று போனேன்.

ஓனருக்கு நாற்பது வயது இருக்கும். தோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். “அட, ஒரு கல் பாலம் தாண்டினதும் ஏத்தம் வருமே, அந்தப் பாதைங்களா?” என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். இப்போது யோசித்தால், எந்த மலைப் பாதையில்தான் கல் பாலமும் அதைத் தாண்டி ஓர் ஏற்றமும் இல்லை? அப்புறம் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் அடியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் ஸ்னார்க்கல் (தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜினுக்குக் காற்று போக மேலே நீட்டி வைக்கிற குழாய்) வேண்டும் என்று கேட்டதற்கு, “உங்க பாதையில ஆறா ஓடுது? எதுக்குங்க 15,000 வீண் பண்றீங்க, வேண்டாம் தம்பி” என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அந்த 15,000-ஐ எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த மனிதர்தான் 1,86,500-ஐ எடுத்துக்கொண்டார்.

கணக்கு இது. இரண்டு இன்ச் லிஃப்ட் கிட், நான்கு புது ஷாக் அப்சார்பரோடு 72,000. 245/75 ஆர்16 மட் டயர் நான்கு, 60,000. வண்டி சிக்கினால் கம்பியால் இழுத்து வெளியே எடுக்கிற மோட்டார், அதாவது விஞ்ச், அதை மாட்ட இரும்பு பம்பரோடு 46,500. கூலி 8,000. ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் போனில் அனுப்ப முடியாது என்பதால் அட்வான்ஸ் ஒரு லட்சம் போட்டேன். கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண் பெயர் வந்தது. “வீட்டுக்காரம்மா அக்கவுண்டுதாங்க, போடுங்க” என்றார். போட்டேன். பில் கேட்டதற்கு வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதின எஸ்டிமேட். ஐந்து நாள் என்றது பத்தொன்பது நாள் ஆயிற்று, கிட் துறைமுகத்தில் நிற்கிறது என்றார்கள். கடைசியில் வண்டியைக் கழுவி, டயருக்கெல்லாம் பாலிஷ் போட்டு, உயரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். மீதி 86,500-ஐயும் அங்கேயே போட்டுவிட்டு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன், வெட்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு ஏற்காடு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு குழி விடாமல் முன்பக்கம் ‘டங் டங்’ என்று இடித்தது. புதுசு, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மண் பாதையில் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. சரி, இதற்குத்தானே விஞ்ச் என்று கம்பியை ஒரு சில்வர் ஓக் மரத்தில் கட்டி ரிமோட்டை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பானெட்டுக்குள்ளிருந்து கருகின வாடை. பேட்டரியிலிருந்து விஞ்ச்சுக்குப் போன ஒயர் உருகியிருந்தது. இழுக்கும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் வாங்குகிற சாமான் அது, வெல்டிங் கேபிள் தடிமனுக்குப் போட வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு இழுக்கிற மாதிரி ஒயரைப் போட்டிருக்கிறார்கள். அரை மணி நேரம் மழையில் நின்றோம். அப்புறம் பத்துப் பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய எஸ்டேட் ஜீப் வந்தது, டயரில் பட்டனே இல்லை. லுங்கி கட்டின டிரைவர் கயிறு போட்டு ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிட்டு, “புது வண்டிங்களா?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இறங்கும்போது ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்புகிற வளைவுகளில் கடகடவென்று சத்தம். நேராகச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் விட்டேன். பாய் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “கிட் எங்க தம்பி?” என்றார். இந்த வண்டியை முன்னால் தாங்குவது டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி, பின்னால் லீஃப் பட்டை. டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், அரை மணி நேர வேலை, ஒரு பொருளும் வேண்டாம். அதைத்தான் செய்திருக்கிறார்கள். பின்னால் லீஃப் பட்டையைத் தொங்கவிடுகிற ஷேக்கிளை, ஏதோ இரும்புத் துண்டை வெட்டி நீளமாகச் செய்து மாட்டியிருக்கிறார்கள், வெல்டிங் கறைகூடத் தேய்க்கவில்லை. அளவுக்கு மீறி முறுக்கியதால் சக்கரம் கீழே இறங்க இடமே இல்லாமல் இடித்திருக்கிறது, ஆக்சில் கோணம் மாறி, சக்கரம் திரும்பும்போதும் சுழல வைக்கிற சிவி ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் வெளியே. புது ஷாக் என்று சிவப்பாக இருந்ததை பாய் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். அடியில் என் பழைய ஷாக். என் பழைய ஷாக்குக்கே பெயிண்ட் அடித்து என்னிடமே விற்றிருக்கிறார்கள்!

டயரையும் அவர்தான் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்றில் 1419, ஒன்றில் 3018. அதாவது 2019-இலும் 2018-இலும் செய்த டயர்கள், பாலிஷில் பளபளத்துக்கொண்டு. ஸ்டெப்னிக்குப் பழைய 235/70-ஏ போதும் என்று கடை ஓனர் சொல்லியிருந்தார், அதுவும் தப்பு. விட்டத்தில் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் வித்தியாசம், அதை ஒரு பக்கம் மாட்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவில் ஓட்டினால், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் வீணாகும்.

திங்கட்கிழமை கடைக்குப் போனால் ஓனர் சென்னை போயிருக்கிறார். போன் அடித்தால் கட். செவ்வாய் காலை நானே கண்ணால் பார்த்தேன், உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார், பையன் வந்து “அண்ணன் இல்லீங்க” என்கிறான். மதியம் பிடித்துவிட்டேன். முதலில், நான் ஓட்டின விதம் சரியில்லையாம். அப்புறம், பாய் ஷாக்கை மாற்றியிருப்பாராம். கடைசியாகச் சொன்னதுதான் இன்னும் எரிகிறது. “எங்க வேணா கம்ப்ளைண்ட் கொடுங்க, பம்பரைப் பார்த்தா முதல்ல உங்க வண்டியத்தான் பிடிப்பாங்க.” வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், உண்மைதான். இந்த மாதிரி முன்னால் மாட்டுகிற இரும்பு பம்பர், கம்பிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதாவது எனக்கு விற்கும்போதே இந்தப் பூட்டை அவர் கையில் வைத்திருந்தார். மாட்டும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்கப் போனபோது எடுத்து நீட்டுகிறார்.

பம்பரைக் கழற்றிவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்திருக்கிறேன், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் பேப்பர் தேடினால் என்னிடம் இருப்பது அந்த வெள்ளைத் தாளும் 1,86,500 போனதற்கான இரண்டு மெசேஜும்தான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. டயர் நம்பரைப் பாலிஷ் போடுவதற்கு முன்னால் பாருங்கள். கிட் பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள், பழைய ஷாக்கைக் கையில் வாங்காமல் வராதீர்கள். வேறு பெயர் அக்கவுண்டுக்குப் பணம் போடாதீர்கள். ஜிஎஸ்டி பில். விஞ்ச்சை அங்கேயே ஒருமுறை இழுக்கவிட்டுப் பாருங்கள்.

வண்டி இன்னும் பாய் கடையில் ஜாக்கி மேல் நிற்கிறது, சிவி ஜாயிண்ட் வர நாலு நாள் ஆகுமாம். வீட்டில் 80,000 என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன், தெரிந்தவர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து மாமனாரிடம் காட்டிவிடாதீர்கள்.