மாதவிடாய்க் கோப்பை வாங்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று இரவு அந்த இணையக் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. என் புகாரை முடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஓர் ஆண்டு முழுவதும் நாப்கின் வாங்க நான் செலவிடும் பணத்தை உடலுக்குள் வைத்து இரத்தத்தைச் சேகரிக்கும் ஒரே ஒரு மாதவிடாய்க் கோப்பைக்குக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

அது பெண்களுக்கான சுகாதாரப் பொருள்களை மட்டுமே விற்கும் தளம். நல்ல கோப்பை பல ஆண்டுகள் உழைக்கும் என்பது உண்மை. அதனால்தான் அவ்வளவு பணத்தை ஒரே தடவையில் கொடுக்கத் துணிந்தேன். வாங்கும் முன் அவர்களுடைய அரட்டைப் பெட்டியில், இது மருத்துவத் தரச் சிலிக்கோன்தானா, உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993 சோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேட்டேன். "எல்லாச் சான்றும் இருக்கிறது சகோதரி, நானே மூன்று வருடமாக இதைத்தான் பயன்படுத்துகிறேன்" என்று பதில் வந்தது. அந்தச் சான்றை அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. வெளியே பேசத் தயங்கும் ஒரு விஷயத்தில், முகம் தெரியாத ஒரு பெண் தன் உடம்பையே சாட்சியாக வைத்துச் சொல்லும்போது மேற்கொண்டு துருவிக் கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்று நினைத்துப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

வந்த பெட்டியில் தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லை. முதல் பயன்பாட்டுக்கு முன் கொதிக்கவைக்க வேண்டும் என்பதால் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தேன். சமையலறை முழுவதும் ரப்பர் கருகும் வாடை. தண்ணீர் வெளிறிய இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. ஆறியபின் கையில் எடுத்தால் பிசுபிசுத்தது. விளிம்பில் அச்சின் கோடு துருத்திக்கொண்டிருந்தது, நகத்தால் தடவினால் தடுக்கியது. நல்ல சிலிக்கோன் கொதிநீரில் சாயம் விடாது, நாறாது.

உடனே கேட்டேன். புதியதில் அப்படித்தான் இருக்கும், இன்னும் இரண்டு முறை கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். அப்போதும் நம்பினேன். இரண்டாம் நாள் எரிச்சலும் வீக்கமும் வந்து மருத்துவரிடம் ஓட வேண்டியிருந்தது. அவர் முதலில் கேட்டது காய்ச்சல் இருக்கிறதா என்பதைத்தான். 1980இல் அமெரிக்காவில் மிகுதியாக உறிஞ்சும் டாம்பான்களை (உள்ளே செருகும் பஞ்சுத் திரிகள்) பயன்படுத்திய பெண்கள் பலருக்கு வந்த டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்ற, பாக்டீரியா நச்சால் வரும் உயிராபத்தான நோய், அரிதாகவே என்றாலும் கோப்பையாலும் வந்திருக்கிறது என்றார். நல்லவேளை, எனக்குக் காய்ச்சல் இல்லை; விளிம்பு உராய்ந்த புண்ணும் ஒவ்வாமையும்தான்.

மறுபடி எழுதியபோது "சகோதரி" போய்விட்டது. பயன்படுத்திய சுகாதாரப் பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். அந்த விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொதிக்கவைக்காமல் குறை தெரியாது, கொதிக்கவைத்துவிட்டால் அது பயன்படுத்திய பொருள் என்றால், வாங்கியவள் எப்போதுதான் புகார் சொல்வது? அடுத்த பதிலில் நான் தவறாகச் செருகியிருக்க வேண்டும் என்றார்கள். சான்றைக் காட்டச் சொன்னபோது இரண்டு நாள் மௌனம். பிறகு, அது நிறுவனத்தின் இரகசியம் என்று ஒரு வரி. நிழற்படங்களுடன் நான் எழுதிய மதிப்புரையையும் நீக்கிவிட்டார்கள். ஓராண்டு நாப்கின் பணம் போனது போனதுதான். மருத்துவச் செலவு தனி.

விரிவாகச் சொல்ல நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. சான்றைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாததையும், வாசனை சேர்த்ததையும் தொடாதீர்கள். நாப்கினுக்கும் இது பொருந்தும். பெட்டியைத் திறக்கும்போதே காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனத்தைக் கருப்பையில் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கோப்பையைப் பயன்படுத்த வேண்டாம். கோப்பையை இழுக்கும் வேகத்தில் அதுவும் நகர்ந்துவிடக்கூடும். நல்ல கோப்பையே ஆனாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்காதீர்கள். திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, தலைச்சுற்றல், வெயிலில் வெந்ததுபோல் தோல் சிவத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அதை வெளியே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.