நீதிமன்ற ஆவணம் வாங்கித் தருவதாகச் சொல்லும் இணையதளங்களிடம் ஏமாற வேண்டாம்: டெக்சாஸில் எனக்கு நேர்ந்தது

டெக்சாஸின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு சிறிய கவுன்டியில் (மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவு) பத்தாண்டுகளுக்கு முன் முடிந்துபோன என் வழக்கின் சான்றிட்ட நகலைப் பெறுவதற்காக, அரசுத் தளம் என்று நம்பி ஒரு தனியார் இணையதளத்தில் பணம் கட்டினேன். 198 டாலர் போயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு, குடியேற்றத் துறை எனக்குக் கொடுத்திருந்த 87 நாள்களில் கிட்டத்தட்ட பாதி வீணானதுதான். கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு இப்படியொரு பழைய காகிதம் திடீரென்று தேவைப்படும் என்பதால், நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

2012-இல் மாணவனாக இருந்தபோது, பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய்த் திரும்பும் வழியில், பொறுப்பின்றி வாகனம் ஓட்டியதாக என்னைக் கைது செய்தார்கள். ஓரிரவு சிறையில் இருந்தேன். மறுநாள் காலையில் ஒரு நீதிபதி பிணைத்தொகை குறித்தார். சில வாரங்கள் கழித்து உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் மூலமாக அபராதம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டேன். அடுத்தடுத்து வீடு மாறியதில் அந்தக் காகிதங்கள் தொலைந்துவிட்டன. இனி அவை எதற்கும் தேவைப்படா என்றுதான் இருந்தேன். 2020 அக்டோபரில் கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பத்தை அனுப்பியபோது கைதான விவரத்தை மறைக்காமல் குறிப்பிட்டேனே தவிர, நீதிமன்ற ஆவணத்தை இணைக்கவில்லை. 2022 கோடையில் குடியேற்றத் துறையிடமிருந்து ஆர்எஃப்இ, அதாவது கூடுதல் சான்று கேட்கும் கடிதம், வந்தது. வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கான ஆவணத்தை, நீதிமன்றச் சான்றுடன், கெடுவுக்குள் அனுப்ப வேண்டும்; தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

அன்றிரவே கவுன்டியின் பெயரையும் 'நீதிமன்றப் பதிவுகள்' என்பதையும் சேர்த்துத் தேடினேன். முதலில் வந்த தளத்தில் கழுகுச் சின்னம் இருந்தது, கவுன்டியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, நீதிமன்றக் கட்டடத்தின் படமும் இருந்தது. அது விளம்பரமாக முதலிடம் பிடித்த தனியார் தளம் என்பதைப் பதற்றத்தில் நான் கவனிக்கவில்லை. என் பெயரைக் கொடுத்ததும் ஒரு பட்டை மெல்ல நகர்ந்து, 'கைதுப் பதிவுகள் காணப்பட்டன' என்று சிவப்பில் காட்டியது. அதைப் பார்க்க ஒரு டாலர் கேட்டது. ஒரு டாலர்தானே என்று அட்டை எண்ணைக் கொடுத்தேன். உள்ளே என்னுடைய பழைய முகவரிகளும், எனக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் வீட்டுவரி விவரமும்தான் இருந்தன. வழக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன் கீழேயே, சான்றிட்ட நீதிமன்ற நகல் வேண்டுமானால் 139 டாலர், பத்து முதல் பதினைந்து வேலை நாள்களில் வந்துசேரும் என்று இன்னொரு பொத்தான் இருந்தது. அதையும் அழுத்தினேன்.

முப்பத்தொன்பதாம் நாள் உறை வந்தது. அதற்குள் ஆறு முறை தொலைபேசியில் அழைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் 'கவுன்டியின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்' என்ற ஒரே பதில்தான். உறைக்குள் இரண்டு தாள்கள். முதல் தாளில் என் பெயர், பிறந்த தேதி, அதன் கீழே 'பதிவு எதுவும் கண்டறியப்படவில்லை' என்ற வரி. இரண்டாவது தாளில், இந்தத் தேடல் முறையாக மேற்கொள்ளப்பட்டது என்று நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கையெழுத்திட்டு, வேறொரு மாநிலத்து நோட்டரி அதற்கு முத்திரை குத்தியிருந்தார். முத்திரையைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

என் வழக்கறிஞர் அதை மேசைமேல் வைத்து, நோட்டரி முத்திரையை விரலால் தொட்டுக்காட்டி, இது நீதிமன்றச் சான்றே அல்ல என்றார். நோட்டரி சான்றளிப்பது தம் முன் ஒருவர் கையெழுத்திட்டார் என்பதை மட்டுமே. நீதிமன்றக் கோப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சான்றளிக்கும் அதிகாரம் அந்தக் கோப்பைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் கிளார்க்குக்குத்தான் உண்டு. கோப்பே அழிந்துபோயிருந்தால்கூட, 'எங்களிடம் பதிவில்லை' என்று அந்த நீதிமன்றமே சான்றிட்டுத் தரும் கடிதம்தான் செல்லும். வழக்கு இருந்ததை நானே ஒப்புக்கொண்டிருக்கும்போது, பதிவில்லை என்று சொல்லும் ஒரு தனியார் தாளை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நடுக்கம்தான்.

டெக்சாஸில் நீதிமன்றங்கள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். அபராதத்தோடு முடியும் மிகச் சிறிய குற்றங்கள் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றத்துக்கோ நகராட்சி நீதிமன்றத்துக்கோ போகும். சிறைத்தண்டனைக்கு இடமுள்ள சிறு குற்றங்கள் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போகும். அவற்றின் கோப்பு கவுன்டி கிளார்க்கிடம் இருக்கும். பெருங்குற்றங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவை. அவற்றின் கோப்பு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். மக்கள்தொகை 8,000-க்கும் குறைவான கவுன்டிகளில் இந்த இரண்டு கிளார்க் பதவிகளையும் பொதுவாக ஒருவரே வகிப்பார். எனக்குப் பிணை குறித்தவர் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்பதால் முதலில் அந்த அலுவலகத்தைத்தான் அழைத்தேன். எடுத்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கே பிணை மட்டும்தான் குறிப்போம், கோப்பு கவுன்டி கிளார்க்கிடம் போயிருக்கும் என்று சொல்லி, அந்த எண்ணையும் அவரே கொடுத்தார். அந்த ஓர் அழைப்புக்கு ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை.

நண்பர்கள் சொன்ன வேறு வழிகள் எதுவும் என் வழக்குக்குப் பொருந்தவில்லை. பேசர் என்ற தளம் உண்மையான அரசுத் தளம்தான். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர் என்பதோடு சரி. ஆனால் அதில் இருப்பவை கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகள் மட்டுமே. மாநில, கவுன்டி வழக்குகள் அதில் வராது. தகவல் உரிமை கேட்டுக் கடிதம் எழுதலாம் என்றார் ஒருவர். கூட்டாட்சியின் தகவல் சுதந்திரச் சட்டம் கூட்டாட்சி நிர்வாகத் துறைகளுக்கு மட்டுமே பொருந்தும்; டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டமோ நீதித்துறையைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிடுகிறது. அப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால் இன்னும் சில வாரங்கள்தான் போயிருக்கும்.

தபாலில் கேட்டால் போதும் என்றுதான் கிளார்க் அலுவலகத்தில் சொன்னார்கள். ஆனாலும் நாள் குறைந்துகொண்டே வந்ததால், டாலஸிலிருந்து விடியுமுன் புறப்பட்டு நேரிலேயே போனேன். அங்கே மூன்றே பேர்தான் வேலை பார்த்தார்கள். நிலப் பத்திரங்கள், பிறப்பு இறப்புப் பதிவு, திருமண உரிமம், கால்நடைகளுக்குப் போடும் சூட்டுக்குறிகளின் பதிவுகூட அந்த ஒரே முகப்பில்தான். முதலில் கணினியில் என் பெயரைத் தேடிவிட்டு, ஒன்றும் இல்லையே என்றார் அந்த ஊழியர். எனக்கு உயிரே போய்விட்டது. ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தவர், இதில் எது உங்கள் குடும்பப் பெயர் என்று கேட்டார். நம் வழக்கப்படி அது என் அப்பாவின் பெயர் என்றேன். தடித்த ஓர் அட்டவணைப் புத்தகத்தை எடுத்துவந்து, 2012-ஆம் ஆண்டுப் பக்கங்களில் விரலை மேலிருந்து கீழாக நகர்த்திக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினார். அப்பாவின் பெயர் இருந்தது, ஓர் எழுத்து விடுபட்டு. என் பெயர் அதன் பின்னால் வெறும் முதலெழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது.

நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு டாலர். சான்றிதழுக்கு 5 டாலர். மொத்தம் 9 டாலர். கடைசிப் பக்கத்தில் அழுத்திய புடைப்பு முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டேதான் காருக்குத் திரும்பினேன்.

இத்தகைய ஆவணம் தேவைப்படுகிறவர்கள் முதலில் சம்பவம் எந்தக் கவுன்டியில் நடந்தது என்பதை உறுதிசெய்துகொண்டு, அந்த நீதிமன்றத்தின் தொலைபேசி எண்ணை மாநில நீதிமன்ற நிர்வாக அலுவலகம் வெளியிடும் கையேட்டிலிருந்து எடுத்து, நேரடியாகப் பேசுங்கள். இணைய முகவரி டாட் கவ் என்று முடிகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. பல சிறிய கவுன்டிகளின் உண்மையான தளங்களே அப்படி முடிவதில்லை. உங்கள் பெயர் அந்நாளில் ஓட்டுநர் உரிமத்திலும் கடவுச்சீட்டிலும் இருந்த எல்லா வடிவங்களிலும், அப்பா பெயரை முன்னால் வைத்தும் பின்னால் வைத்தும், முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்என்யு என்று அச்சாகியிருந்தால் அப்படியும் தேடச் சொல்லுங்கள். வழக்கு எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தபாலில் கேட்பதானால், தனிநபர் காசோலையை ஏற்பார்களா, மணி ஆர்டர்தான் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையோடு அனுப்புங்கள். சாதாரண நகல் வேண்டாம், சான்றிட்ட நகல்தான் வேண்டும் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அந்தத் தளம் முதலில் வாங்கிய ஒரு டாலருக்குள் மாதச் சந்தா ஒன்றும் ஒளிந்திருந்தது. இரண்டு மாதம் 29 டாலர் வீதம் எடுத்த பிறகே கவனித்தேன். கடன் அட்டைக் கணக்கு விவரம் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபித்தால் வங்கி விசாரிக்கக் கடமைப்பட்டது என்பதால் உடனே எழுதினேன். சந்தாவாக எடுத்த 58 டாலர் திரும்பி வந்தது. 139 டாலருக்கு, தேடல் சேவை வழங்கப்பட்டுவிட்டது என்று நிறுவனம் அந்த நோட்டரி தாளையே சான்றாகக் காட்டியதால், அது வரவில்லை. மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும் கூட்டாட்சி வணிக ஆணையத்திலும் புகார் பதிந்திருக்கிறேன். குடியேற்றத் துறைக்கு என் பதில் போய்ச் சேர்ந்தபோது கெடு முடிய 22 நாள்கள் மீதமிருந்தன.