பண்டிகைப் பட்டு: காஞ்சியா, திருபுவனமா, ஆரணியா?

தீபாவளிக்கு ஒரே ஒரு பட்டுப்புடவை, அதுவும் கைத்தறிதான் வேண்டும் என்று போன வாரம் என் நாத்தனார் வந்து நின்றாள். "அண்ணி, யோசிக்கவே வேணாம், காஞ்சிபுரமே எடுத்துடலாம்ல?" என்றாள். எடுக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கு எடுப்பதும் பண்டிகைக்கு எடுப்பதும் ஒன்றல்ல. முகூர்த்தப் பட்டை மதியத்துக்குள் மாற்றிவிடுவோம். பண்டிகைப் பட்டைக் கட்டிக்கொண்டுதான் அடுப்படிக்கும் போவோம், கோயிலுக்கும் போவோம், ஐப்பசி மழையில் ஆட்டோவிலும் ஏறுவோம். அதனால் பனகல் பார்க் பக்கமும் எழும்பூர் கோ-ஆப்டெக்ஸிலும் ஒரு நாள் முழுக்க மூன்று ஊர்ப் பட்டையும் பிரித்துப் பார்த்தோம்.

காஞ்சிபுரத்துக்கு நான் காசு கொடுப்பது கோர்வைக்காகத்தான். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து, சேரும் இடத்தில் பின்னி இணைப்பதுதான் கோர்வை. தறியில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டைக்கு நாடா என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு என்று மூன்று நாடா ஓடும். வழக்கமாக நெசவாளி தனியாகச் செய்வதில்லை, பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்காருவார். கோர்வையா இல்லையா என்று தெரிய புடவையைத் திருப்பிப் போட்டுக் கரை சேரும் இடத்தைப் பாருங்கள். உடலின் ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், அங்கேயே கரை நூலோடு பின்னிக்கொண்டு திரும்பியிருக்கும். அரக்குக் கரை சுத்த அரக்காகவே நிற்கும். ஒரே நாடாவில் நெய்ததென்றால் உடல் நூல் கரைக்குள்ளும் ஓடும், கரை நிறம் கலங்கலாகத் தெரியும். அதுவும் நல்ல பட்டாக இருக்கலாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோர்வை விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஜரிகை. அசல் ஜரிகையில் நடுவில் சிவப்புப் பட்டு நூல், அதன்மேல் வெள்ளிக் கம்பி, அதற்கும் மேல் தங்க முலாம். எட்டு வருடம் முன்பு ஒரு பெரிய கடையில் 'சுத்த ஜரிகை' என்று சொல்லிக் கொடுத்த புடவை, இரண்டே வருடத்தில் கறுத்தது. முந்தி ஓரத்தில் ஒரு இழையை உருவி நகத்தால் சுரண்டினேன். உள்ளே வெள்ளை நூல்! பழைய பட்டு வாங்க வருகிறவர்கூட அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல வெள்ளியே இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்று மட்டும் சொல்லும். கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு. இரண்டுமே ஜரிகையைப் பற்றிப் பேசுவதில்லை. ஜரிகை என்ன ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

காஞ்சிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருபுவனத்துக்கு 2019-இல்தான் கிடைத்தது. ஆனால் திருபுவனத்தை இரண்டாம் இடம் என்று நினைக்க எனக்கு மனம் வராது. அதன் விசிறி மடிப்புக்காகவே பிடிக்கும். கடைக்காரர் ஒரு முனையைப் பிடித்து விரித்தால் விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாகத் திறக்கும். என் அம்மாவின் கூறைப் பட்டு ஒரே மடிப்பில் முப்பது வருடம் பெட்டியில் கிடந்து, மடிப்பு விழுந்த கோடெல்லாம் பிளேடு போட்ட மாதிரி பிளந்துபோனது. அதைப் பார்த்தவள் என்பதால் ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டென்றால் எனக்குப் பயம். கட்டிப் பார்த்ததில் கொசுவமும் திருபுவனத்தில் அடங்கி நின்றது. கனத்த ஜரிகைக் காஞ்சியில் இடுப்பே பெருத்துத் தெரியும்.

ஆரணி லேசு. கட்டம் போட்டது, சின்னக் கரை வைத்தது எல்லாம் அழகாக வரும், விலையும் கையைக் கடிக்காது. நவராத்திரியில் மயிலாப்பூர் தெருக்களில் ஒரே சாயங்காலம் ஐந்து வீட்டுக் கொலுவுக்குப் படியேறி, தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டுமானால் எனக்கு ஆரணிதான். கோர்வையின் கம்பீரத்தை மட்டும் அதில் தேடாதீர்கள். சாஃப்ட் சில்க் பக்கம் நாங்கள் போகவில்லை, ஒரே புடவை என்னும்போது அது என் கணக்கில் வராது.

என் நாத்தனாருக்கு நான் சொன்னது இதுதான்: உடல் முழுக்க ஜரிகை இறைத்த காஞ்சிக்குப் போகாதே, அதைவிடக் குறைவான விலையில் குறுங்கரைக் கோர்வை கிடைக்கும், அடிக்கடி கட்டலாம். கோர்வைக்குப் பணம் போதாதென்றால் திருபுவனம். வருடத்துக்குப் பத்துத் தடவை கட்டுவேன் என்றால் ஆரணி.

கடைசியில் அவள் எடுத்தது குறுங்கரைக் கோர்வைதான்: மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, மூன்று விரல் அகலம். மேசைமேல் அவளே திருப்பிப் போட்டு, கரையோரம் விரலை ஓட்டிப் பார்த்து, "பின்னியிருக்கு அண்ணி" என்றாள். பிளாஸ்டிக் உறையைக் கடையிலேயே கொடுத்துவிட்டோம். வீட்டில் அவள் அண்ணனின் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்து வைத்திருக்கிறேன், அதில்தான் சுற்றி வைக்கப் போகிறாள். பொங்கலுக்குக் கட்டி அவிழ்த்ததும் மடிப்பை மாற்றிப் போட வேண்டும்.