மே மாத ஞாயிறும் நான்கு மேசைகளும்: கரையோரப் பள்ளியின் முன்னாள் மாணவர் வழிகாட்டல் எப்படி இருக்கிறது?

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னாள் மாணவர்கள் கூடுகிறார்கள். கல்லூரியில் படிப்பவர்களும் படித்து முடித்தவர்களும் வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்து, அடுத்து போகப் போகிற பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். கட்டணம் கிடையாது, டீயும் வடையும் உண்டு. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

தேதியை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் அப்போது கரையில் இருப்பார்கள், பிள்ளையோடு வந்து உட்காரவும் முடியும். வீட்டில் காசு இல்லாத மாதமும் அதுவே. அதனால் பேச்சு தானாகவே பீஸ் பக்கம் போய்விடுகிறது. போகவும் வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் மேடைப் பேச்சு, தாராளமாகத் தவிர்க்கலாம். கலாம் இந்தக் கரையில் பிறந்தவர் என்று ராமேஸ்வரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மைக் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை எம்.ஐ.டி.யில் அவர் சேர அக்கா நகையை அடகு வைத்த கதையைச் சொல்கிறவர்கள், இன்றைக்கு நகையை அடகு வைக்காமல் சேர என்ன வழி என்பதை மேடையில் சொல்வதில்லை. அது தெரிய கீழே இறங்கி மேசைக்கு வர வேண்டும்.

கூட்டம் குறைவாக இருந்தாலும் முதலில் உட்கார வேண்டியது சான்றிதழ் மேசையில். இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் அதை நடத்துகிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன்களைவிட இவர்களுக்கு விஷயம் தெரிகிறது. போன வருடம்தான் இதே காகிதங்களோடு அலைந்தவர்கள் என்பதுதான் காரணம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலில் பெயரைப் பார்க்கிறார்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்புக்கில் இன்னொரு எழுத்து என்று இருந்தால் உதவித்தொகை அங்கேதான் நிற்கும். மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். அது சரியான வரிசை. அடுத்த கேள்வி, பேங்க் கணக்கோடு ஆதார் சேர்ந்திருக்கிறதா என்பது. கணக்கு இருந்தால் மட்டும் போதாது. ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி அப்படியே கிடக்கும் கணக்கு பல நேரம் முடங்கியிருக்கும். நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிரோடு வைத்துக்கொள்ளச் சொல்வது நல்ல யோசனை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் கல்லூரியில் படிக்கும்போது கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய் திட்டங்களையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துச் சொன்னது இந்த மேசையின் பெரிய பலம். இந்தக் கரையில் நடுநிலைப் பள்ளி வரை உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அதிகம். ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பது விதி. அவர்கள் அதில் வரமாட்டார்கள். ஆனால் 1,000 ரூபாய் திட்டங்களான புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் இரண்டும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஒன்று இல்லை என்றதும் மற்றதையும் விட்டுவிடும் வீடுகள் இருக்கின்றன.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் அண்ணன், அக்கா விவரம் எல்லாம் கேட்பார்கள். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) என்று ஒவ்வொரு மேசையாக ஏறித்தான் அந்த விண்ணப்பம் வரும். ஒருவர் லீவு என்றால் அங்கேயே நிற்கும். கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் அந்தச் சான்றுக்குப் பீஸ் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுச் சான்றை நீட்டினால் பயன் இல்லை. இதை அவர்கள் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கலாம்.

ஒரு குறை: ஞாயிற்றுக்கிழமை என்பதால் இ-சேவை மையம் மூடியிருக்கும். தப்பு எங்கே என்று தெரிந்தாலும் அன்றைக்குத் திருத்த முடியாது. விடுபட்டதை எழுதித் தர ஒரு துண்டுச் சீட்டாவது அச்சடித்து வைக்கலாம். வாய்வார்த்தையாகச் சொன்னதில் பாதி மறுநாள் காலையில் மறந்துபோகும்.

இரண்டாவது, பொறியியல் கவுன்சிலிங் மேசை. கட்-ஆப் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டுகிறார்கள். கணிதம் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. 82, 76, 80 எடுத்தவருக்கு 82 + 38 + 40, அதாவது 200க்கு 160. அதன்பின் ஒரு மாதிரிப் படிவம் கொடுத்து விருப்பப் பட்டியலை நிரப்பச் சொல்வது அருமை. ஐந்தாறு கல்லூரி மட்டும் போட்டுவிட்டு எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு. பட்டியல் நீளமாக இருப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை, வரிசைதான் முக்கியம். உண்மையில் எது வேண்டுமோ அது மேலே. 'இது எனக்குக் கிடைக்காது' என்று நினைத்துக் கீழே இறக்கக் கூடாது.

ஒதுக்கீடு வந்தபின் வரும் தேர்வுகளில் குழப்பமே 'அக்செப்ட் அண்ட் அப்வேர்டு'தான். கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பது அது. மேலே கிடைக்காவிட்டால் கையில் உள்ளது போகாது. 'டிக்ளைன் அண்ட் அப்வேர்டு' போட்டால் கையில் உள்ளது போய்விடும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் மாற்றி அழுத்துகிறார்கள். பதில் சொல்ல ஓரிரு நாள்தான் அவகாசம். இங்கேதான் கரையோர வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மேசையில் யாரும் சொல்லவில்லை. மே மாதம் விண்ணப்பிக்கும்போது அப்பா கரையில் இருப்பார், அவர் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். கவுன்சிலிங் நடக்கும்போது தடைக்காலம் முடிந்து போன் அப்பாவோடு கடலில் இருக்கும். ஓடிபி வராது. அம்மா நம்பர் அல்லது பிள்ளையின் நம்பர், ரீசார்ஜ் தீராமல், ஒரே நம்பர் கடைசிவரை.

அவர்கள் ஒட்டியிருந்த போன வருட கட்-ஆப் பட்டியலை நம்ப வேண்டாம். அதில் கல்லூரிக்கு ஒரே எண்தான் இருந்தது. பாடப்பிரிவு வாரியாக, ஓசி, பிசி, பிசிஎம் (பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்), எம்பிசி என்று சமூக வாரியாகப் பார்க்காத கட்-ஆப் எதற்கும் உதவாது. கீழக்கரை, பெரியபட்டினம் பிள்ளைகள் பிசிஎம் 3.5 சதவீத வரிசையைப் பார்க்க வேண்டும்; பொது எண்ணைப் பார்த்து பயந்துபோய்க் கேட்காமல் விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது மேசைதான் இந்த நாளின் உயிர். 'காலேஜ் வாழ்க்கை' என்று சாக்பீஸில் எழுதியிருந்ததைப் பார்த்து அறிவுரைதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நோட்டுகளும் மெஸ் பில்லும் அரியர் வந்த மார்க் விவரமும் மேசையிலேயே கிடந்தன. 2024 வரை சேர்ந்தவர்களுக்கான அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரிப் பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வில் 100க்கு 45 கட்டாயம், இரண்டும் சேர்ந்து 50. தேர்வில் சரியாக 45 எடுத்தால் அது 60க்கு 27 ஆகும். மீதி 23 இன்டர்னலில் இருந்தால்தான் பாஸ். இன்டர்னலில் 38 வைத்திருந்தாலும் தேர்வில் 44 என்றால் அரியர். இந்த இரண்டு வரியை முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்பே தெரிந்துகொண்டு போகிற பிள்ளை அதிர்ஷ்டசாலி. கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் 25க்கு 75 என்று இருக்கும். அங்கே தேர்வுதான் எல்லாம்.

வருகைப்பதிவைக் கணக்காகவே சொன்னார்கள். செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் அதில் 15 திங்கட்கிழமை. வாரக் கடைசியில் ஊருக்கு வந்து திங்கள் மத்தியானம் திரும்புகிறவருக்கு அரை நாள் வீதம் ஏழரை நாள் போகும். முழு நாள் போட்டால் 15 நாள், வருகை 80 சதவீதம். 75 வேண்டும் என்ற விதிக்கு நாலு நாள் கூட மிச்சம் இல்லை. அதற்கு மேல் காய்ச்சல், திருவிழா, ஐப்பசி மழையில் பஸ் நின்றது எல்லாம் இருக்கிறது. முதல் மாதம் ஊருக்கே வராதீர்கள் என்று ஒரு தங்கச்சி கறாராகச் சொன்னார். அம்மாக்களுக்குப் பிடிக்கவில்லை. சொன்னது சரி.

தமிழ் வழியில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் செமஸ்டரில் இடிப்பது கணிதப் பாடம். கணக்கு தெரியாததால் அல்ல, கேள்வி புரியாததால். ப்ளஸ் டூ ஆங்கில வழிக் கணிதப் புத்தகத்தை விடுமுறையில் தமிழ்ப் புத்தகத்தோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். இதைவிட மலிவான மருந்து கிடையாது. 'தமிழர் மரபு' ஒரு கிரெடிட் பாடம்தானே என்று விட்டுவிட்டு அதில் அரியர் வைப்பவர்களைப் பற்றியும் பேசினார்கள். சிரிப்பு வந்தது, ஆனால் நடக்கிறது.

ஹாஸ்டல் பற்றிப் பேச்சு அரைகுறை. செலவை எல்லோருக்கும் பங்கிடும் டிவைடிங் சிஸ்டத்தில் மெஸ் பில் மாதாமாதம் ஏறி இறங்கும், லீவுக்குப் போகும் முன் நோட்டில் எழுதினால்தான் கழிப்பார்கள் என்பது வரை சரி. அரசு பிசி, எம்பிசி விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது என்பதெல்லாம் வரவே இல்லை. பெண் பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்மார் கேட்டது கேட், நேரம், குளியலறை, வார்டன். அதற்குப் பதில் சொல்ல அந்த ஒரே தங்கச்சிதான். அவர் மேசையில் வரிசை மத்தியானம் வரை கலையவில்லை. அடுத்த முறை இரண்டு பேராவது கூடுதலாக வேண்டும்.

ஒரிஜினல் சான்றிதழ் பற்றி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசியின் 2018 அறிவிப்பு. அதே அறிவிப்பில் பீஸ் திருப்பித் தரும் கணக்கும் இருக்கிறது: சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக முழுதும், கடைசித் தேதிக்குப் பின் 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. விலகுவதை எழுத்தில் கொடுத்துத் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும்.

நான்காவது, கல்விக் கடன் மேசை. சுமார்தான். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம், 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்றார்கள். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைக் கேட்டால்தான் சொன்னார்கள்.

கப்பல் படிப்புக்கு ஆளே இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் இது வேடிக்கைதான். ஏஜென்ட்டுகள் நோட்டீஸ் ஒட்டும் இடம் இது. 'மெர்ச்சன்ட் நேவி, வேலை உறுதி' என்று பார்த்தால் அந்த நிறுவனம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்க்க வேண்டும். அதற்கும் முன் கண் டாக்டரிடம் நிறக்குருடு சோதனை. அதில் தேறாவிட்டால் கட்டிய லட்சம் திரும்பாது. பட்டப் படிப்பு என்றால் 2008இல் அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு வழி இருக்கிறது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் நான்கு ஆண்டு பி.எப்.எஸ்ஸி. (மீன்வள அறிவியல் பட்டம்) இருப்பதையும் யாரும் சொல்லவில்லை.

போகிறவர்கள் பத்து, பன்னிரண்டு மார்க் ஷீட், ஆதார், பாஸ்புக், சாதிச் சான்று, இஎம்ஐஎஸ் நம்பர் (பள்ளியில் தரும் மாணவர் அடையாள எண்) எல்லாவற்றின் நகலையும் எடுத்துக்கொண்டு பத்தரை மணிக்குப் போனால் போதும். நேராக மூன்றாவது மேசைக்குப் போய் வரிசையில் ஒரு இடம் சொல்லிவைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் சான்றிதழ் மேசையை முடிக்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். பெண் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல ஆள் கூட்டினால் நான்கு. ப்ளஸ் ஒன் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், ஆதார் பெயர் திருத்த அவர்களுக்கு ஒரு வருடம் இருக்கிறது.