தெரியாத இணைப்புக் கோப்பு: உலாவியிலேயே பார்ப்பதா, இறக்கித் திறப்பதா?

தெரியாதவர் அனுப்பிய கோப்பைத் திறக்கவே கூடாது என்ற அறிவுரை, அஞ்சலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு உதவாது. வேலை கேட்டு விண்ணப்பிப்பவரும் புதிய வாடிக்கையாளரும் முதல் அஞ்சலில் தெரியாதவர்கள்தாம். உலாவியில் மின்னஞ்சல் பார்ப்பவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: அஞ்சல் சேவை காட்டும் முன்னோட்டத்தோடு நிறுத்திக்கொள்வது, இறக்கிக் கணினியில் திறப்பது, வைரஸ்டோட்டல் போன்ற தளத்தில் ஏற்றிச் சோதிப்பது, கணினிக்குள்ளேயே மென்பொருளால் தனித்து உருவாக்கிய மெய்நிகர் கணினியில் திறப்பது. நான் முதல் வழிக்காரன். மற்றவற்றை அவசியம் வந்தால்தான் தொடுகிறேன்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். கோப்பைப் பிரித்துப் படிக்கும் வேலை யாருடைய கணினியில் நடக்கிறது? விஷமக் கோப்பு வட்டில் சும்மா கிடக்கும்வரை எதுவும் செய்யாது. ஏதாவது ஒரு மென்பொருள் அதைப் படிக்கப் போகும்போதுதான் வேலையைக் காட்டும். இறக்கித் திறந்தால், படிப்பது உங்கள் கணினியில் உள்ள வேர்டு. நீங்கள் தொடக்கூடிய எல்லாக் கோப்புகளையும் அதுவும் தொடும். ஜிமெயில் முன்னோட்டத்திலோ படிக்கும் வேலை கூகுளின் சர்வரில் முடிந்துவிடுகிறது. நமக்கு வருவது பக்கங்களின் தோற்றம் மட்டுமே. மைக்ரோசாஃப்ட்டின் உலாவி வேர்டும் விபிஏ மேக்ரோக்களை, அதாவது ஆவணத்துக்குள் பொதிந்து வரும் சிறு நிரல்களை, இயக்குவதே இல்லை. சில சிறிய அஞ்சல் சேவைகள் பிடிஎஃப் கோப்பை உலாவியின் காட்டியிடமே ஒப்படைத்துவிடும்; அப்போது படிப்பது நம் கணினிதான். ஆனாலும் உலாவி தன் வேலையை, கணினியின் மற்றப் பகுதிகளை எளிதில் தொட முடியாத கட்டுக்காவலுக்குள் வைத்தே செய்கிறது என்பதால், தனி பிடிஎஃப் மென்பொருளைவிட அதையே நம்புவேன்.

முன்னோட்டத்தில் இன்னொரு லாபமும் உண்டு. மேக்ரோ வைத்த கோப்புகளில் பல ஒரே பாணியில் இருக்கும்: மங்கலாக்கிய ஒரு பட்டியல், அதன்மேல் பெரிய எழுத்தில் 'இந்த ஆவணம் பாதுகாக்கப்பட்டது, மேலே உள்ள மஞ்சள் பட்டையில் அனுமதி கொடுங்கள்' என்று ஒரு கட்டளை. வேர்டில் திறந்தால் அந்தப் பட்டை உண்மையிலேயே மேலே இருக்கும். அவசரத்தில் கை போய்விடும். முன்னோட்டத்தில் பட்டையே இல்லை. இல்லாத பொத்தானை அழுத்தச் சொல்லும் கோப்பு தானாகவே அம்பலப்படுகிறது.

கோப்பைத் திருத்தியே ஆக வேண்டும் என்றால், கூகுள் டாக்ஸ் வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு வேர்டு கோப்பாக ஏற்றுமதி செய்கிறேன். விபிஏ மேக்ரோ அங்கேயே உதிர்ந்துவிடும். பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், கலையட்டும்.

பெயர் ஒன்றாக இருப்பதால் ஓர் எச்சரிக்கை. கோப்புகளைப் பட்டியலிடும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் ஓரத்தில் வரும் முன்னோட்டம் வேறு. அது உங்கள் கணினியில்தான் நடக்கிறது. 2022இல் வெளியே வந்த ஃபோலினா என்ற பாதுகாப்பு ஓட்டையில், ஆர்டிஎஃப் என்ற ஒருவகை ஆவணக் கோப்பைத் திறக்கவே தேவையில்லை. அந்த ஓரத்தில் காட்டினாலே போதுமானதாக இருந்தது.

முன்னோட்டம் காக்காத இடங்களும் உண்டு. பிடிஎஃப் உள்ளே இருக்கும் லிங்க் அங்கேயும் லிங்க்தான். அழுத்தினால் போலித் தளத்துக்குப் போய்விடுவீர்கள். கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பின் உள்ளடக்கத்தைச் சேவையின் வைரஸ் சோதனையால் பார்க்க முடியாது. கடவுச்சொல்லையும் அதே அஞ்சலில் எழுதி அனுப்புகிறவரை நான் நம்புவதில்லை. எச்டிஎம்எல் கோப்பு, அதாவது இணையப் பக்கக் கோப்பு, இன்னும் தந்திரமானது: இறக்கி அழுத்தினால் அதே உலாவியில், உங்கள் மின்னஞ்சல் முகவரியை முன்கூட்டியே நிரப்பி வைத்த உள்நுழைவுப் பக்கமாக விரியும். முகவரிப் பட்டையில் இணையதளத்தின் பெயர் இருக்காது, உங்கள் வட்டில் உள்ள கோப்பின் பாதை இருக்கும். அங்கே கடவுச்சொல் கேட்டால் மூடிவிடுங்கள்.

இறக்கித் திறப்பது பழைய அளவுக்கு ஆபத்தானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆஃபீஸ் 2010 முதல், கோப்பைப் படிக்க மட்டும் காட்டும் 'பாதுகாக்கப்பட்ட பார்வை' இருக்கிறது. 2022 முதல், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கிறது. ஆனால் இந்த இரண்டும், கோப்பின்மேல் விண்டோஸ் ஒட்டிவைக்கும் 'இணையத்திலிருந்து வந்தது' என்ற குறியை நம்பியே நிற்கின்றன. வட்டின் நகல்போல இருக்கும் ஐஎஸ்ஓ கோப்புக்குள் மறைத்து அனுப்பினால் அந்தக் குறி உள்ளே போகாமல் இருந்தது. அது 2022 நவம்பரில்தான் சரிசெய்யப்பட்டது. தவிர, கோப்பின் வகையைச் சொல்லும், பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் இயல்பாகவே மறைக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஐலவ்யூ புழு, உரைக் கோப்புபோலப் பெயர் வைத்து, பின்னால் அது ஒரு நிரல் என்று காட்டும் விபிஎஸ் என்ற வாலை ஒளித்துக்கொண்டு பரவியது. அந்த இயல்பு அமைப்பு இன்னும் மாறவில்லை.

வைரஸ்டோட்டல் எழுபதுக்கும் மேற்பட்ட வைரஸ் எதிர்ப்பு இயந்திரங்களிடம் ஒரே நேரத்தில் கேட்டுச் சொல்கிறது. நல்ல சேவைதான், ஆனால் ஏற்றிய கோப்பு பணம் கட்டும் சந்தாதாரர்களுக்கும் கிடைக்கும். யாரோ ஒருவரின் சம்பளச் சீட்டையோ மருத்துவ அறிக்கையையோ அங்கே போடக் கூடாது. கோப்பிலிருந்து கணக்கிடப்படும், கைரேகைபோன்ற ஹேஷ் மதிப்பை மட்டும் தேடலாம். உள்ளடக்கம் வெளியே போகாது. பதில் வராவிட்டால், இதுவரை யாரும் அதைக் கொண்டுவரவில்லை என்றுதான் பொருள், சுத்தம் என்று அல்ல.

மெய்நிகர் கணினி பற்றி நான் அதிகாரத்தோடு பேச முடியாது, எப்போதாவது தொட்டதுதான். விண்டோஸோடு வரும் மெய்நிகர் கணினியான விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் 2019 முதல் புரோ, எண்டர்பிரைஸ் பதிப்புகளில் கிடைக்கிறது. ஹோம் பதிப்பில் இல்லை. மூடினால் உள்ளே நடந்த அனைத்தும் அழிந்துவிடும். ஆனால் அது வெற்று விண்டோஸ். வேர்டு கோப்பைப் பார்க்கப் போனால் திறக்க வேர்டே இருக்காது. இயல்பாக இணையத் தொடர்பும் திறந்தே இருக்கும். மென்பொருள் நிறுவிகளைச் சோதிப்பவர்களுக்கு இது பொருந்தும். நாள்தோறும் வந்து குவியும் விண்ணப்பங்களுக்கு, எனக்கு முன்னோட்டமே போதும்.