ஷார்ஜா சம்பளமா, கையில் வந்த 11 லட்சமா?

2023இல் இரண்டும் ஒரே சமயத்தில் வந்து நின்றன. சேலம் சிவதாபுரத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டில் அப்பாவுக்குச் சேர வேண்டிய பாகத்தைப் பெரியப்பாவே எடுத்துக்கொண்டு 11 லட்சம் கொடுத்தார். அப்பா அதை அப்படியே என் கையில் கொடுத்து, “உனக்குத் தோன்றுகிறபடி செய்” என்று சொல்லிவிட்டார். அதே மாதம் ஷார்ஜாவில் நகைப் பட்டறையில் வேலை பார்க்கும் என் மச்சான் போன் செய்தார். “மாப்ள, எங்க முதலாளிக்குப் பற்றவைக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். மாசம் 2,000 திர்ஹாம், ரூம் அவங்களே கொடுத்துடுவாங்க. நீ சரின்னு சொன்னா பேப்பர் அனுப்பச் சொல்றேன்.”

நான் கொலுசுப் பட்டறைக்காரன். வெள்ளியில் பற்றவைக்கத் தெரிந்தவனுக்குத் தங்கத்தில் கை பழகச் சில மாதம் போதும். அதனால் அந்த வேலை என்னால் முடியாதது இல்லை. ஆனாலும் ஊரிலேயே இருந்துவிட்டேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன். ஷார்ஜாவைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மச்சானும் அங்கே போய்வந்த பக்கத்துப் பட்டறை ஆட்களும் சொன்னது. நானே இருந்து பார்த்தது இல்லை.

பிள்ளைகளைப் பிரிந்திருப்பது, வெயில், ஒரே அறையில் நான்கைந்து பேர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றைத் தாங்கிக்கொண்டு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நேரே கணக்குக்கு வருகிறேன்.

2,000 திர்ஹாமில் சாப்பாட்டுக்கு 500, போன், சோப்பு, முடிவெட்டு என்று 150 போனால் 1,350 மிஞ்சும். அப்போது ஒரு திர்ஹாம் இருபத்திரண்டரை ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. ஆக ஊருக்கு 30 ஆயிரம் வரும். நான் இல்லாமல் இங்கே வீடு ஓட 18 ஆயிரம் வேண்டும். மிச்சம் 12 ஆயிரம். வருடத்துக்கு 1,44,000.

அதோடு பணிக்கொடை உண்டு. அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் கணக்கிட்டு, வேலையை விட்டு வரும்போது தர வேண்டும். அடிப்படைச் சம்பளம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எனக்கு வந்த தாளில் 2,000இல் அடிப்படை 1,200 மட்டும், மீதி படி. 1,200க்கு 21 நாள் என்றால் 840 திர்ஹாம், நம் பணத்தில் கிட்டத்தட்ட 19 ஆயிரம். அதையும் சேர்த்தால் வருடத்துக்கு 1,63,000 ரூபாய் நிற்கும்.

11 லட்சத்தை இந்தத் தொகையால் வகுத்தால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. நடுவில் லீவில் வந்து போகும் செலவு, வாங்கி வரும் சாமான், சம்பளமில்லாத மாதம் எல்லாம் இதில் சேரவில்லை. அதாவது ஏழு வருடம் ஷார்ஜாவில் இருந்து சேர்க்க வேண்டிய பணம் அன்றைக்கே என் கையில் இருந்தது. இது புரிந்த பிறகுதான் என்னால் நிதானமாக யோசிக்க முடிந்தது. அதுவரை 30 ஆயிரம், 30 ஆயிரம் என்று அந்த எண் மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

திர்ஹாமுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அது 1997இலிருந்து டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. ரூபாய் இறங்க இறங்க, சம்பளம் ஏறாவிட்டாலும் ஊருக்கு வரும் பணம் ஏறும். பத்துப் பதினைந்து வருடமாக அங்கே இருப்பவர்களுக்கு இது சும்மா கிடைத்த சம்பள உயர்வு மாதிரி. இந்த ஒரு விஷயத்தில் ஊரில் இருக்கும் ரூபாயால் போட்டி போட முடியாது.

“இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே, பணத்தை பேங்கில் போட்டுவிட்டு நீ கிளம்பு” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நியாயமான கேள்விதான். வெறும் கூட்டல் கழித்தலாகப் பார்த்தால் அதுதான் ஜெயிக்கும். ஆனால் போனபிறகு அந்தப் பணத்துக்கு என்ன வழி என்று விசாரித்தபோது சில கதவுகள் மூடிக்கொண்டன. வெளிநாட்டுவாசி ஆகிவிட்டால் தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது. சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்ப் பணத்தை வைக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அதில் போடும் டெபாசிட் வட்டிக்கு 30 சதவீதமும் அதற்குமேல் செஸ்ஸும் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். பிறகு கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், அது வேறு அலைச்சல். வட்டிக்கு வரி இல்லாத என்.ஆர்.இ. கணக்கு, அங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத்தான். இங்கே வீட்டுப் பாகத்தில் வந்த ரூபாயை அதில் கொண்டுபோய்ப் போட முடியாது. அப்பா பெயரிலேயே வைக்கலாம். வைத்தால், யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது கைமாற்று என்று அவரிடம்தான் வந்து நிற்பார்கள், அவருக்கு இல்லை என்று சொல்ல வராது.

சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லைகள். என்னை ஊரில் நிறுத்தியது இது எதுவுமில்லை. பணம் போட்ட இடத்தில் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரன் நிற்கிறானா இல்லையா என்பதுதான் என்னை நிறுத்தியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் பெரும்பாலானவர்கள் கூலிக்குச் செய்பவர்கள். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி கட்டி வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பார். அதை உருக்கி, கம்பி இழுத்து, சங்கிலியாக்கி, பூவும் குண்டும் பற்றவைத்து, மெருகேற்றி, அதே எடைக்குச் சேதாரம் போகக் கொலுசாகத் திருப்பித் தர வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நான் அப்படித்தான் மாதம் 20 ஆயிரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த வெள்ளி இருந்தால் கூலியோடு வியாபாரியின் லாபத்தில் ஒரு பங்கும் நமக்கு வரும். 11 லட்சத்தில் 6 லட்சத்தை வெள்ளியில் போட்டேன். அப்போது சென்னையில் கிலோ எழுபதாயிரத்துக்கு மேல், எண்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது.

இந்த எட்டுக் கிலோ ஒரே இடத்தில் இருக்காது. காலையில் தராசில் வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுப்போம். சாயந்திரம் அவர்கள் முடித்ததையும், மிஞ்சிய துண்டையும், ராவிய பொடியையும் திரும்ப எடை போட்டு வாங்குவோம். காலை எடைக்கும் மாலை எடைக்கும் வித்தியாசம் வராமல் இருக்காது. அந்த வித்தியாசம் எங்கே போனது என்பதில்தான் பட்டறையின் லாப நஷ்டம் இருக்கிறது. கொஞ்சம் தரையில் இருக்கும். அதனால்தான் பட்டறை கூட்டிய குப்பையை யாரும் வெளியே கொட்டுவதில்லை, சேர்த்துவைத்து உருக்கி வெள்ளி எடுப்போம். கொஞ்சம் கை கழுவும் தண்ணீரில் இருக்கும்; தொட்டியின் அடியில் படிந்ததைக்கூட விடமாட்டோம். பற்றவைக்கும் பொடி கூடிவிட்டால் எடை சரியாக இருக்கும், ஆனால் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், இறங்கிவிடும். கடையில் டச் பார்க்கும்போதுதான் தெரியும். பார்க்கிறவன் நம்மைத்தான் பார்ப்பான்.

எட்டுக் கிலோவில் நூற்றில் ஒரு பங்கு கணக்கில் வராமல் போனால் 80 கிராம். கிராம் 78 ரூபாய் என்று வைத்தாலும் 6,240 ரூபாய். இது ஒரு சுற்றுக்கு. மீதி 5 லட்சத்தை நான் தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் போட்டிருக்கிறேன், 7.4 சதவீதத்துக்கு மாதம் 3,083 ரூபாய் வருகிறது. ஒரு சுற்றில் தவறவிடும் வெள்ளி, 5 லட்சத்தின் இரண்டு மாத வட்டியைத் தின்றுவிடும். யாரும் திருட வேண்டியதில்லை. வாசல் கதவைத் திறந்துவைத்துக் கூட்டினாலே போதும்.

ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்க்க முடியாது. தம்பியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். தம்பி நல்லவனாகவே இருக்கட்டும், அவனுக்கு அது அண்ணன் பணம். தராசில் முள் அரை கிராம் தள்ளி நின்றால் மறுபடி எடுத்துவைத்துப் பார்க்கிற பொறுமை, தன் பணத்தைப் போட்டவனுக்குத்தான் சாயந்திரம் ஏழு மணிக்கும் இருக்கும்.

இது வெள்ளிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஏற்காட்டில் சின்னக் காப்பித் தோட்டம் வாங்கிப் போட்டுவிட்டு மஸ்கட் போனார். அரபிக்கா வகைக் காப்பியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு விழுந்தால், விழுந்த செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எரிக்க வேண்டும். விட்டால் பக்கத்துச் செடிகளுக்குப் பரவும். ஒவ்வொரு செடியாகத் தண்டைப் பார்த்து நடக்கிற வேலை அது. கூலிக்கு வந்தவர் பத்துச் செடிக்கு ஒன்றைப் பார்ப்பார். பழமும் ஒரே நாளில் பழுக்காது, நவம்பர் தொடங்கி நாலைந்து சுற்று பறிக்க வேண்டும். அவர் லீவில் வந்து பார்க்கும்போது நல்ல மிளகுக் கொடி ஏறிய மரங்கள் இருந்தன, கீழே காப்பிச் செடிதான் பாதி இல்லை. அவர் மஸ்கட்டில் நன்றாகத்தான் சம்பாதித்தார். தோட்டத்தில் போட்ட பணத்துக்குத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

ஆகவே என் முடிவு இப்படி: பக்கத்தில் நின்று பார்க்கும் தொழில் தெரிந்தவன் கையில் ஒரு தொகை வந்தால், அந்தத் தொகையோடு ஊரில் நிற்பது மேல். தொழில் தெரியாமல் வட்டிக்கு மட்டும் போட்டுவைக்கப் போகிறவன் தாராளமாக விமானம் ஏறலாம். வட்டிக்கு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

என் கணக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஒன்றை ஒதுக்கிவைத்துத்தான் சொல்ல முடியும். 2025 தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்தை ஒட்டி இருந்த வெள்ளி, அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. என் எட்டுக் கிலோவின் மதிப்பு எங்கேயோ ஏறிப் போய்விட்டது. அதை வைத்து என் முடிவு சரி என்று சொல்வது நேர்மையாகாது. விலை பாதியாக விழுந்திருந்தாலும் விழுந்திருக்கும். விலையை விட்டுவிட்டு வேலையில் வந்ததை மட்டும் பார்த்தால், சீசன் மாதங்களில் 30 ஆயிரத்தைத் தாண்டுகிறது, மந்தமான மாதங்களில் பழைய 20 ஆயிரத்தோடு தபால் அலுவலக வட்டிதான். அதாவது ஷார்ஜா சம்பளத்தை ஒவ்வொரு மாதமும் நான் தொடுவதில்லை. ஆனால் இங்கே ஒரே அடுப்புதான் எரிகிறது, முதலும் அப்படியே இருக்கிறது.

விலை ஏற்றத்துக்கு மறுபக்கமும் உண்டு. கடைக்காரர்கள் எடை குறைந்த கொலுசாகக் கேட்கிறார்கள். கூலி கிலோவுக்குத்தான், விலைக்கு இல்லை. எடை குறைந்தால் அதே உழைப்புக்குக் கூலி குறைவு. இது இன்னும் எத்தனை நாள் இப்படி இருக்கும் என்பதில் எனக்குத் தெளிவில்லை.

போவது என்று முடிவெடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஏஜெண்ட் மூலம் போனால் அவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம், அதற்கு ஜி.எஸ்.டி. தனி. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் முதல் வருடச் சம்பளம் கடனுக்கே போகும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978இலிருந்து ஆள் அனுப்புகிறது, அங்கேயும் விசாரியுங்கள். அப்புறம், பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று இருக்கும். அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் அந்த அனுமதி வாங்கியே தீர வேண்டும். விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சம்பளம் எவ்வளவு என்பதில் எனக்கு ஒரு கோடு உண்டு. அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000மும் வீடும் இருக்க வேண்டும். எனக்கு வந்தது 2,000. அந்தக் கோட்டைத் தொடப் பல வருடம் ஆகும், தொடாமலும் போகலாம். மச்சான் இப்போது அதைத் தாண்டிவிட்டார், அக்காவும் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள், பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள். கோவையில் ஏறினால் நேரே ஷார்ஜா, நாலு மணி நேரம். எனக்கு முதலிலேயே 4,000 என்று சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரையை அங்கிருந்து வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்றைக்கு இதே 11 லட்சத்தோடு ஒரு பட்டறைப் பையன் வந்து கேட்டால், வெள்ளியில் 6 லட்சம் போடு என்று சொல்லமாட்டேன். அந்தப் பணத்துக்கு இப்போது மூன்று கிலோகூடத் தேறாது. இரண்டு லட்சத்துக்கு மட்டும் சொந்த வெள்ளி வாங்கி, மீதி வேலைக்கு வியாபாரியிடம் கூலி வெள்ளியே எடுத்து ஓட்டச் சொல்வேன். இரண்டும் கலந்துவிடாமல் தனித்தனி நோட்டில் எழுதச் சொல்வேன்.