11 வருடம், ஒரே கார்: ஹேண்ட் பிரேக்கும் தகுதிச் சோதனையும்

இந்தக் காரை வாங்கி 11 வருடம் ஆகிறது. சின்ன ஹேட்ச்பேக், பின்பக்கம் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் மாதிரியான டிரம், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த ஷூக்கள்), முன் இருக்கைகளுக்கு நடுவில் கையால் இழுக்கும் சாதாரண ஹேண்ட் பிரேக். இத்தனை வருடத்தில் தகுதிச் சோதனையில் வண்டி ஒரே ஒரு தடவைதான் தேறாமல் திரும்பி வந்தது. புகை, விளக்கு, டயர், ஸ்டீயரிங் எல்லாம் தேறி, ஹேண்ட் பிரேக்கில் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த ஒரு விஷயத்தை நானே கவனிக்க ஆரம்பித்தேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், இதே பிரச்சினையோடு நிற்கிறவர்களுக்கு உதவும்.

அன்றைக்கு நடந்தது இதுதான். பின் சக்கரங்கள் இரண்டும் ரோலர் மேல் சுற்றிக்கொண்டிருந்தன, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுக்கச் சொன்னார்கள். திரையில் இடது பக்கப் பிடியைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது, வலது பக்க எண் கொஞ்ச தூரம் வந்து அப்படியே நின்றுவிட்டது. "இன்னும் இழுங்க" என்றார் சோதிப்பவர். இழுக்க இடமே இல்லை, நாலாவது பல்லிலேயே (இழுக்கும்போது கேட்கும் ஒவ்வொரு 'டிக்'கும் ஒரு பல்) லீவர் கல் மாதிரி இறுகியிருந்தது. "இடது மட்டும்தான் சார் பிடிக்குது, வலது சும்மா சுத்துது" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.

எனக்கு அது புரியவே இல்லை. லீவர் அவ்வளவு டைட்டாக இருக்கிறதே, பிரேக் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படி நினைத்ததுதான் தப்பு. கையில் தெரியும் இறுக்கம் வேறு, சக்கரத்தில் விழும் பிடி வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள் கம்பி, இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒரு சமன்கட்டை, டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் ஒரு நெம்பு, இரண்டு ஷூ என்று இத்தனை இருக்கின்றன. இதில் எது சிக்கிக்கொண்டாலும் லீவர் டைட்டாகத்தான் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

எவ்வளவு பிடி வேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஊருக்கு ஊர் விதி மாறும், ஒரு அளவுக்காகச் சொல்கிறேன்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/45 சோதனை விதியில் பார்க்கிங் பிரேக்கின் மொத்தப் பிடி, வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட முழு எடையில் குறைந்தது 16 சதவீதம் இருக்க வேண்டும். முழு எடை என்பது ஆளும் சாமானும் ஏற்றின எடை, காலி வண்டியின் எடை இல்லை. என் வண்டிக்கு அது 1,400 கிலோ. 16 சதவீதம் என்றால் 224 கிலோ, பக்கத்துக்கு 112 வீதம். அன்று எனக்கு வந்தது இடது 128, வலது 46. கூட்டினால் 174, அதாவது 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. இதில் வேதனை என்னவென்றால், இடது பக்கம் தன் பங்கைத் தாண்டியே பிடித்திருக்கிறது.

புது கார் வடிவமைக்கும்போது இதைவிடக் கடுமையான அளவு இருக்கிறது. ஐ.நா.வின் 13-எச் விதிப்படி, முழுச் சுமையோடு 20 சதவீதச் சரிவில், அதாவது ஏறக்குறைய 11 டிகிரி சாய்வில், பார்க்கிங் பிரேக் மட்டுமே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும், கையால் இழுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய 40 கிலோவைத் தூக்குகிற பலம். ஆகவே நல்ல நிலையில் இருக்கிற பிரேக்குக்குச் சோதனை ஒரு பொருட்டே இல்லை. தேறவில்லை என்றால் ஏதோ ஒன்று நிஜமாகவே கெட்டுப்போயிருக்கிறது.

சரி, என்ன கெட்டிருந்தது? வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்து, முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்துவிட்டு டிரம்மைக் கழற்றினேன். (ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுத்தான் டிரம்மைக் கழற்ற முடியும், அதனால் கட்டை இல்லாமல் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.) இடது டிரம் தட்டியதும் வந்துவிட்டது. வலது டிரம் வரவில்லை. பல டிரம்களின் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும், அதில் ஒரு போல்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். அப்படித்தான் எடுத்தேன். உள்ளே செம்மண் மாதிரி துருத்தூள். ஷூ லைனிங் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டை) பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, தேய்மானமே பெரிதாக இல்லை. ஆனால் லைனிங் தேயத் தேய ஷூவை வெளியே நகர்த்த இரண்டு ஷூவுக்கும் நடுவில் இருக்கிற அட்ஜஸ்டர், அந்தச் சின்ன நட்சத்திரச் சக்கரம், மரையோடு சேர்ந்து இறுகி ஒரே கட்டியாக நின்றது. விரலால் தள்ளினேன், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், அசையவில்லை. கேபிள் நுனியைக் கழற்றி இழுத்துப் பார்த்தால், உள்கம்பி வெளியுறைக்குள் முக்கால் விரல் அளவு வந்துவிட்டு நின்றது, விட்டால் திரும்பிப் போகவும் இல்லை. வெளியுறையைத் தடவிக்கொண்டே போனதில், சேஸியோடு பிடித்திருக்கும் கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு இடம் உப்பியிருந்தது. அங்கே பிளாஸ்டிக் பிளந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது. மூன்று நான்கு மழைக்காலம் போதும், உள்ளே துரு பிடித்துக் கம்பி நகராது.

அப்படியானால் லீவர் எப்படி டைட்டாக இருந்தது? ஒவ்வொரு சர்வீஸிலும், "ஹேண்ட் பிரேக் கொஞ்சம் லூஸ்" என்று நான் சொல்லியிருக்கிறேன், அவர்களும் லீவருக்குக் கீழே கேபிளை இழுத்து இறுக்குகிற நட்டை இரண்டு சுற்று முறுக்கி டைட் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டே நிமிட வேலை. லீவர் உடனே இறுகும், நானும் திருப்தியாக வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அந்த நட்டுதான் உண்மையான கோளாறை மூன்று வருடம் மறைத்து வைத்திருந்தது.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் வண்டியில் இதே கதைதான் நடக்கிறது. டிரம்முக்குள் கேபிள் இழுக்கிற நெம்பு ஒன்று இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் அது முழுசாகப் பின்னால் போய்த் தன் தடுப்பில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் பல வகை டிரம்களில் தானியங்கி அட்ஜஸ்டர் தேய்மானத்தைச் சரியாக உணர்ந்து ஷூவை வெளியே நகர்த்தும். கேபிளை வெளியிலிருந்து இழுத்து இறுக்கிவிட்டால் நெம்பு பாதி வழியிலேயே தொங்கும், ஷூவும் டிரம்மும் நெருக்கமாக இருப்பதாக அட்ஜஸ்டர் எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். வருடக்கணக்கில் சும்மா இருக்கிற மரை இறுகாமல் என்ன செய்யும்? அதனால் வரிசை முக்கியம்: முதலில் கேபிளை நன்றாகத் தளர்த்த வேண்டும். அப்புறம் டிரம்முக்குள் ஷூவைச் சரி செய்ய வேண்டும், சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசுகிற சத்தம் கேட்டு, ஆனால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். கால் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைக்க வேண்டும். கடைசியில்தான் அந்த நட்டு, அதுவும் கம்பியில் இருக்கிற தொய்வை எடுக்கிற அளவுக்கு மட்டும். எத்தனை பல்லில் பிடிக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், அதைப் பாருங்கள். என் வண்டிக்கு ஆறிலிருந்து எட்டு. மூன்று நாலு பல்லிலேயே இறுகுவது பல வண்டிகளில் நல்ல அறிகுறியே இல்லை.

கேபிளை எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்கப் பார்த்தேன், இரண்டு வாரத்தில் திரும்பச் சிக்கிக்கொண்டது. உறை பிளந்துவிட்டால் மாற்றுவதுதான் வழி. மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினேன், ஏனென்றால் ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் இழுபட்டு நீண்டுபோன பழசு என்று இருந்தால் சமன்கட்டை கோணலாக நின்று இழுவை சமமாகப் போகாது. அந்தச் சமன்கட்டையையும் துருவைத் தேய்த்துக் கிரீஸ் போட்டேன். அது தாராளமாக ஆடினால்தான் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே பலம் போகும்.

டிரம்முக்குள் இருக்கிற தூளை ஊதாதீர்கள், காற்றடிக்கவும் செய்யாதீர்கள். பழைய வண்டிகளின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், புதியதில் இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடைத்து எடுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கால் பிரேக்கை மிதித்தால் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாகத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் தெரிந்தால் கசிவு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பிரேக் எண்ணெயில் ஊறிய ஷூவை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், புது ஷூ போடுங்கள். டிரம்மிலேயே அதிகபட்ச உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள், அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் எந்த ஷூ போட்டாலும் நம்பக்கூடிய பிடி வராது.

இப்போது நான் தினமும் செய்வது ரொம்பச் சின்ன விஷயம். வண்டியை நிறுத்தும்போது கால் பிரேக்கில் நின்று, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை எடுத்து எடை முழுசும் ஹேண்ட் பிரேக்கில் விழ விட்டு, அதன் பிறகுதான் கியரில் போடுகிறேன். பிடி குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், வண்டி அரை அடி நகரும். கியரிலேயே நிறுத்திப் பழகியவர்கள், ஆட்டோமேட்டிக்கில் 'பி'யில் மட்டும் போட்டுப் போகிறவர்கள் வண்டியில்தான் கேபிள் சீக்கிரம் இறுகுகிறது என்பது என் அனுபவம். உபயோகிக்காத கேபிள்தான் துருப்பிடிக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வண்டியைக் கழுவின கையோடோ, நல்ல மழையில் வந்தோ பல நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். ஈர ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விடும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்தே வரும். சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நிறுத்துவதற்கு முந்தின சில நூறு மீட்டரில் கால் பிரேக்கை லேசாக இரண்டு மூன்று தடவை தொட்டுக் காய வைத்துவிடுவதும் நல்லது.

பின்பக்கம் டிஸ்க் இருக்கிற வண்டிக்காரர்களுக்குக் கதை கொஞ்சம் மாறும். சிலவற்றில் டிஸ்க்கின் நடுக்குழிக்குள் ஒரு குட்டி டிரம் இருக்கும், அது நின்ற வண்டியைப் பிடிக்க மட்டுமே வேலை செய்வதால் லைனிங் தேயாது, ஆனால் துருவும் பளபளப்பும் ஏறிப் பிடி போய்விடும். வேறு சிலவற்றில், டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட்டால் கவ்வுகிற கேலிப்பரே ஹேண்ட் பிரேக். அதில் வெளியே தெரியும் சின்ன நெம்பு, பிரேக்கை இறக்கியதும் தன் தடுப்பைத் தொடுகிறதா என்று பாருங்கள், தொடவில்லை என்றால் நெம்பின் தண்டோ கேபிளோ சிக்கியிருக்கிறது. இந்த வகையில் ஓட்டி வந்த சூட்டோடு ஹேண்ட் பிரேக் போட்டால், டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது பிடி தளரலாம், சரிவில் நிறுத்தினால் கியரிலும் போடுங்கள். பேட் மாற்றும்போது, பேட்டைத் தள்ளுகிற பிஸ்டனைச் சும்மா அமுக்கினால் பெரும்பாலும் போகாது, திருகிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும்.

அண்ணன் வண்டியில் பட்டன் அமுக்குகிற எலக்ட்ரானிக் பிரேக். இழுக்கிற கேபிள் இல்லை, கேலிப்பரில் மோட்டார். அதில் கை வைப்பதற்கு முன் சர்வீஸ் நிலைக்கு, அதாவது மோட்டார் பிடியை விட்டுப் பின்வாங்கி நிற்கிற நிலைக்கு, கொண்டுபோக வேண்டும், வலுக்கட்டாயமாகப் பிஸ்டனை அமுக்கினால் உள்ளே உடையும். அவரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டு சோதனைக்குப் போகாதே, அதுவே திருப்பி அனுப்பப் போதுமான காரணம்.

சோதனைக்கு முன் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், ஒரு வாரம் முன்னாடியே பார்த்துவிடுகிறேன், முந்தின நாள் இல்லை. பார்க்கிறது நாலு விஷயம். லீவர் எத்தனை பல் ஏறுகிறது, பட்டனைத் தொடாமல் லீவரைப் பக்கவாட்டில் தட்டினால் பல் நழுவி விழுகிறதா, ஹேண்ட் பிரேக் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினால் இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடித்திருக்கிறதா, இறக்கினால் இரண்டும் ஒரே மாதிரி சுற்றுகிறதா. கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம், இறக்கின பிறகும் ஒரு சக்கரம் கனமாகச் சுற்றினால் அந்தப் பக்கம் கேபிள் திரும்பி வரவில்லை. ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு பின் சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை வைத்தாலும் தெரியும், தொட வேண்டாம், அனல் ஒரு பக்கம் கூட அடிக்கும். புது ஷூ போட்டிருந்தால் சோதனைக்கு முன் கொஞ்ச நாள் ஓட்டி உட்கார விடுங்கள், புது லைனிங் டிரம்மின் வளைவுக்குப் பழகாமல் போனால் நல்ல வேலைக்கும் குறைந்த எண்தான் வரும்.

அன்று திரும்பி வந்த பிறகு, கேபிள் இரண்டு, ஷூ ஒரு செட், அட்ஜஸ்டர் இரண்டு மாற்றி, அடுத்த மாதம் போனேன். அதன் பிறகு நட்டை ஒரே ஒரு தடவைதான் தொட்டிருக்கிறேன், அதுவும் அரைச் சுற்று. வருடத்துக்கு ஒரு முறை டிரம்மைக் கழற்றித் துடைத்து, நட்சத்திரச் சக்கரத்தின் மரைக்குச் சூடு தாங்கும் கிரீஸ் துளியூண்டு வைத்து, லைனிங்கில் படாமல் மூடுகிறேன். கடைசிச் சோதனையில் இடது 131, வலது 126. லீவர் ஏழாவது பல்லில் நின்றது.